செவலை பிளேனும் அது போட்ட கன்னும்

மொதல்லயே சத்தியம் பண்ணிருதேன், பெறகு யாரும் மொகத்தைச் சுளிக்கக் கூடாது. இனி நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு, ஒத்தைச் சொல்லு பொய்யா இருந்தா, இந்தா நான் தெனமும் தள்ளுற இந்த இரும்பு ஏணி என் கால் மேலயே ஏறி எறங்கட்டும், எங்க கருப்பசாமி என் நாக்கைப் பிடுங்கி மொளகா வத்தலோட வத்தலாக் காயப் போடட்டும். நம்ப மாட்டேங்கிறவிய இப்பமே எந்திரிச்சு பஸ்ஸுக்குப் போயிரலாம். பஸ்ஸு வராது, அது வேற விசயம். உங்க பிளேனும் லேட்டு. அதனால ஒழுங்கா உக்காந்து கேளுங்க.

என் பேரு உலகம்மா. பிளேன் வந்து நின்னா ஏணியைத் தள்ளிக்கிட்டுப் போயி வாசல்ல ஒட்டுறது என் வேலை. படிப்பு கேக்காதிய, பள்ளிக்கூடத்துக்கு நான் போன நாளைவிட மழை பெஞ்ச நாளு சாஸ்தி. நம்ம ஊசிப்பாறையில எம்புட்டு மழை பெய்யும்னு உங்களுக்கே தெரியும்.

நீங்க பிளேன் ஏறப்போற இந்த சிமெண்டுத் தரை இருக்கே, இது வெள்ளைக்காரன் சண்டைக் காலத்துல போட்டுட்டு மறந்துட்டுப் போனது. அவன் போன பெறகு நாங்க இதுல வத்தல் காயப்போட்டோம். இப்பவும் போடுதோம். பிளேன் வார சத்தம் கேட்டதும் பொம்பளைய எல்லாம் வெளக்கமாத்தோட ஓடி வத்தலை ஓரத்துக்குத் தள்ளுவோம், அது எறங்குனதும் திருப்பி நடுவுல பரத்துவோம். உள்ள இருக்க சனத்துக்கு மொத்தமாத் தும்மல் வந்துச்சுன்னா ஊரு வந்துருச்சுன்னு அர்த்தம்.

இந்தத் தரையில மொதல்ல ஒரு பிளேனைக் கொண்டாந்து கட்டுனது கொம்பையா அண்ணாச்சி. அண்ணாச்சி மாட்டுத் தரகர். தோளுல துண்டு, வாயில வெத்தலை, சந்தை சந்தையாச் சுத்துன காலு. ஒரு மாட்டைத் தூரத்துல பாத்தே அது என்ன தின்னுச்சு, யாரை முட்டுச்சுன்னு சொல்லிருவாவ. ஆனா ஊரு அவுகளைக் கையெடுத்துக் கும்பிட்டது அதுக்கில்ல. அந்த மனுசன் ஆயுசுல ஒரு மாட்டைக்கூட அடிமாட்டுக்குத் தள்ளி விட்டதில்ல. கறிக்கடை லாரி வந்து நின்னா, "என் கை புடிச்ச மாடு கத்திக்குப் போவாதுவே"ன்னு வெத்தலையைத் துப்பிட்டு வந்துருவாவ. கெழட்டு மாடுன்னாலும் எவன் வீட்டுத் தொழுவத்துலயாவது கெஞ்சிக் கூத்தாடிச் சேத்துருவாவ. அது ஒண்ணுதான் அவுகளுக்கு இருந்த பெருமை. மத்தபடி ஆளு குட்டை, வழுக்கை, கோவக்காரர்.

அந்த அண்ணாச்சி பட்டணத்துக்கு மாடு கொண்டுபோன எடத்துல, பழைய சாமான் ஏலத்துல ஒரு பிளேன் நிக்கிறதைப் பாத்துருக்காவ. ரெண்டு பக்கமும் விசிறி, மூக்குல சப்பட்டை, ஒடம்பு பூரா வெயிலு குடிச்ச செவலை நெறம். இரும்புக்கடைக்காரங்க சுத்தி நின்னு அறுத்துக் கூறு போடுறதுக்கு வெலை பேசிக்கிட்டு இருந்தானுவ. அண்ணாச்சி போயி அதோட தாடையைத் தடவி, அடிவயித்தைத் தட்டி, நெத்தியில துருப்புடிச்சிருந்த வட்டத்தை வெரலால சுத்திப் பாத்து, "சுழி சுத்தமா இருக்குவே, இதைப் போயி அறுக்கணும்னு நிக்கிய"ன்னு சொல்லி, ஏலக்காரன் கையைப் பிடிச்சுத் துண்டுக்குள்ள இழுத்துட்டாவ. உங்களுக்குத் தெரியும்லா, சந்தையில வெலையை வாயால சொல்ல மாட்டாவ, துண்டுக்குள்ள வெரலைப் பிடிச்சுப் பேசுவாவ, என்ன பேசுனாவன்னு அந்த ரெண்டு கைக்குத்தான் வெளிச்சம். ஏலக்காரன் கூச்சத்துல நெளிஞ்சான். ஆனா வெளிய எடுக்கும்போது ரெண்டு பேருக்கும் மொகம் சிரிச்சிருந்துச்சு.

இன்னொரு மொறையும் இருக்கு. மாட்டை விக்கிறவன் கயிறைக் குடுக்க மாட்டான். கயிறு வீட்டுல கெடந்தாத்தான் தொழுவம் வெளங்கும். வாங்குறவன் புதுக்கயிறு கொண்டாரணும். அண்ணாச்சி மறக்காம தேங்கா நார்க் கயிறு வாங்கி, பிளேனோட முன்சக்கரத்துல கட்டி, சாமி கும்பிட்டு, லாரியில ஏத்திக் கொண்டாந்துட்டாவ. அன்னைக்கே அதுக்கு செவலைன்னு பேரு வச்சாச்சு.

ஓட்டுறதுக்கு ஆளு வேணும்லா. மணப்பாட்டுல இருந்து பிரிசில்லான்னு ஒரு பிள்ளை வந்துச்சு. பிளேன் ஓட்டப் படிச்ச பிள்ளை, ஆனா உசரம் பத்தாதுன்னு எந்தக் கம்பெனியும் சேக்கல. "உசரமாப் போறதுக்குத்தான பிளேனு, இதுல நீ எதுக்குட்டி உசரமா இருக்கணும்?"ன்னு அண்ணாச்சி கேட்டாவ. சீட்டுல தலையாணி போட்டுக் குடுத்தோம். கொம்பையா ஏர் சர்வீஸ் கெளம்பிருச்சு. மினிபஸ் மாதிரிதான். மதுரை, திருச்சி, கோயமுத்தூர்னு விசில் ஊதி ஆள் ஏத்துவோம். முருங்கைக்காக் கட்டு, கோழிக்கூடை, கல்யாணச் சீரு எல்லாம் ஏறும். காலையில திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போன சனம் சாயங்காலம் வீட்டுச் சோத்துக்கு வந்துரும். செவலை அடையுற நேரத்துக்குத்தான் எங்க வீட்டு மாடும் அடையும். ரெண்டும் ஒரே புழுதியிலதான் வந்து நிக்கும்.

அப்படி இருக்கையில ஒரு ஐப்பசியில பிரிசில்லா எறங்கி வந்து, "அண்ணாச்சி, வண்டி கனக்கு. திரும்பச் சொன்னா பெருமூச்சு விட்டுத் திரும்புது. மேகத்தைப் பாத்தா ஒதுங்கிப் போவுது"ன்னு சொல்லிச்சு.

அண்ணாச்சி குனிஞ்சு அடிவயித்துக்குக் கீழ போயி உள்ளங்கையை வச்சு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் நின்னாவ. பெறகு வெளிய வந்து வேட்டியைத் தட்டிக்கிட்டு, "சினை"ன்னாவ.

"என்னது?"

"சினையா இருக்கும்மா. இனி லோடு சாஸ்தி ஏத்தாத. கோயமுத்தூர் மேட்டுல மெதுவாப் போ."

பிரிசில்லா என்னையப் பாத்துச்சு. நான் "மாசமா இருக்கிறவளை வெயில்ல நிறுத்தாத தாயி"ன்னு சொல்லிட்டு, ஏணியை மெதுவா நோகாம ஒட்டிட்டு வந்துட்டேன்.

எங்க ஊருல அதுக்கு மேல யாரும் கேள்வி கேக்கல. பொம்பளைய எல்லாம் கூடி வளைகாப்பு வச்சோம். எலுமிச்சம் சோறு, புளிச்சோறு, தேங்காச் சோறு எல்லாம் கிண்டி, செவலை நெத்தியில சந்தனம் பூசி, ரெண்டு விசிறிக் குமிழுலயும் பச்சையும் செவப்புமாக் கண்ணாடி வளையலைக் கோத்து விட்டோம். பிரிசில்லா கத்திச்சு, "ஏ அக்கா, விசிறி சுத்துனா ஒடஞ்சு தெறிக்கும்!" தெறிக்கல. சுத்துச்சு, கலகலன்னு சத்தம் கேட்டுச்சு, மேல ஏற ஏற அந்தச் சத்தம் வானம் பூரா எறங்கி வந்துச்சு. கம்மாயில துணி துவைச்சவிய துவைக்கிற கையை நிறுத்திட்டு அண்ணாந்து நின்னோம். எவ வாயிலயும் பேச்சில்ல. என் வாயிலயே பேச்சில்லைன்னா பாத்துக்கோங்க.

தை மாசம், பனி எறங்குற ஒரு விடியக்காலம், செவலை தரையில கெடந்து மொனங்குச்சு. ஊரே ஓடுனோம். அண்ணாச்சி எங்களைத் தள்ளி நிக்கச் சொல்லி, எண்ணெயைத் தடவி, "எம்மா, எந்தாயி, செத்த பொறுத்துக்கோ"ன்னு பேசிக்கிட்டே இருந்தாவ. கெழக்க வெளுக்கும்போது வெள்ளாட்டங்குட்டி மாதிரி நனைஞ்சு வந்து விழுந்துச்சு கன்னு. அம்மா மாதிரியே செவலை, அம்மா மாதிரியே நெத்திச்சுழி, றெக்கை ரெண்டும் ஒடம்போட ஒட்டி மடங்கிக் கெடந்துச்சு. மூணு சக்கரத்துல எந்திரிக்கப் பாத்து விழுந்துச்சு, திரும்ப எந்திரிச்சு விழுந்துச்சு, பெறகு நின்னுச்சு, நின்னு செவலையோட றெக்கைக்குக் கீழ போயி பெட்ரோல் மூடியைத் தேடி முட்டுச்சு. பிரிசில்லா தரையில உக்காந்து அழுதுச்சு. நான் அழல. என் கண்ணுல வத்தல் தூசி விழுந்துச்சு, அவ்வளவுதான்.

கன்னு போட்டா என்ன செய்யணுமோ எல்லாம் செஞ்சோம். பெறகு வந்து விழுந்த நஞ்சுக்கொடியை, அது என்ன, ஒயரும் ரப்பர்க் கொழாயுமா ஒரு பந்து, அதை வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல ஒசரமாக் கட்டுனோம், பால் மரத்துல கட்டுனாத்தான தாய்க்குப் பால் ஊறும். மொத நாளு சுரந்த மஞ்சப் பெட்ரோலை டீக்கடை ஆறுமுகம் ஒரு டம்ளர் வாங்கிட்டுப் போயி மொபெட்டுல ஊத்திட்டான். ஊத்துனவன் விருதுநகர் பஸ்ஸை முந்திட்டான். கன்னு வளர்ந்துச்சு. மொதல்ல அம்மா பின்னாடியே தரையில ஓடுச்சு, பெறகு கம்மாக்கரை ஒசரத்துக்குப் பறந்துச்சு, பெறகு செவலை போற எடத்துக்கெல்லாம் ஆள் ஏத்தாம வெறும் வயித்தோட கூடவே போயி வந்துச்சு. வெளியூரு சனம் ஜன்னல் வழியாப் பாத்து, "அது என்ன கூடவே வருது?"ன்னு கேக்கும். "புள்ளை"ன்னு சொல்லுவோம். "ஓ"ன்னுட்டு முறுக்கு திங்கும்.

இனிமேத்தான் வினை.

பட்டணத்துல நீலச்சிறகுன்னு ஒரு பெரிய கம்பெனி. அதோட மேனேஜர் ஹரிகிருஷ்ணன், கார்ல வந்து எறங்குனாரு. கன்னைப் பாத்தாரு. கண்ணு அதுலயே நின்னுருச்சு. அண்ணாச்சியைப் பாத்து, "சேர்மன் சார்"னாரு. அண்ணாச்சி திரும்பிப் பின்னாடி பாத்தாவ, யாரையோ கூப்புடுதாருன்னு. இல்ல, அவுகளைத்தான். அன்னைக்கு விழுந்துச்சு பாருங்க தலையில பித்து. அடுத்த வாட்டி அந்த ஆளு வரும்போது அண்ணாச்சி கோட்டு போட்டு நிக்காவ. தோளுல துண்டு இல்ல.

"உங்க கன்னு உலகம் பூரா பறக்கும் சார். உங்க பேரைச் சொல்லும்"னாரு மேனேஜர்.

"கன்னு வளந்தா விக்கிறதுதான தொழிலு"ன்னு அண்ணாச்சி எங்களைப் பாக்காமச் சொன்னாவ. வெட்ட வெளியில, துண்டு இல்லாம, கையைக் குலுக்கி வெலை பேசி முடிச்சாச்சு. பெறகு மேனேஜரு, "இழுத்துட்டுப் போகணும், அந்தக் கயிறும் குடுத்துருங்க"ன்னாரு.

நான் ஏணியை விட்டுட்டு ஓடுனேன். "அண்ணாச்சி, கயிறு!"

"உலகு, நீ ஏணி வேலையைப் பாரு. இது கம்பெனி விசயம்."

குடுத்துட்டாவ. சந்தைக்குப் போற எந்தச் சின்னப்பயலும் செய்யாத தப்பை, சந்தையிலயே வழுக்கை விழுந்த மனுசன் செஞ்சாவ. அந்தக் கயிறு செவலை முன்சக்கரத்துல இருந்து கன்னு முன்சக்கரத்துக்குப் போன கயிறு. அவரு லாரி இழுத்துட்டுப் போகையில கன்னு திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. அன்னைக்குக் கன்னை மட்டும் தொழுவத்துல கட்டிப்போட்டுட்டாவ, செவலை அப்பம் மதுரையில இருந்துச்சு.

சாயங்காலம் வந்து எறங்குச்சு, சனம் எறங்குச்சு, தரையைச் சுத்திச் சுத்தி உருண்டு தேடுச்சு, ஆலமரத்தடிக்குப் போச்சு, தொழுவத்துக்குள்ள மூக்கை விட்டுச்சு, நின்னுச்சு. நின்னதுதான். மறுநா சாவியைத் திருப்புனா விசிறி அசையல. பிரிசில்லா கெஞ்சிச்சு. மெக்கானிக்கு வந்தாரு, பெரிய மெக்கானிக்கு வந்தாரு, எல்லா உறுப்பும் நல்லாத்தான் இருக்குன்னாவ. நல்லாத்தான் இருக்கும். புள்ளையப் பறிகொடுத்தவளுக்கு எந்த உறுப்புல நோவு?

கன்னு செத்த மாட்டை ஏமாத்தி நாங்க பால் பீச்சிருக்கோம், வைக்கோல் கன்னு செஞ்சு பக்கத்துல நிறுத்தி. அதையும் செஞ்சோம். வைக்கோல்ல ஒடம்பு, பனமட்டையில றெக்கை, செம்மண்ணைக் கரைச்சுப் பூசி, நெத்தியில சுழி போட்டு, மண்ணெண்ணெய் தெளிச்சு மணமும் ஏத்தி செவலை பக்கத்துல கொண்டு நிறுத்துனோம். செவலை மூக்கைத் திருப்பிச்சு. விசிறி ஒரு சுத்து சுத்துச்சு. எங்களுக்கு உசுரு வந்துச்சு. அந்த ஒரு சுத்துக் காத்துல வைக்கோல் கன்னு பிரிஞ்சு ஊரு பூராப் பறந்துச்சு, எங்க தலையில, கொழம்புச் சட்டியில, சாமி சிலையில எல்லாம் வைக்கோலு. செவலை அதைப் பாத்துக்கிட்டே விசிறியை நிறுத்திருச்சு. அதுக்கப்புறம் வளையல்கூட அசையல.

இப்படியே ஒரு மாசம். ஆஸ்பத்திரிக்குப் போறவிய பழையபடி பஸ்ஸு மாறி மாறிக் குலுங்கிப் போனாவ. பெறகு ஒரு ஆபீசர் வந்தாரு. ஓடாத பிளேனை ஓடுதளத்துல நிறுத்தக் கூடாதாம். வெள்ளிக்கெழமைக்குள்ள நகரலைன்னா அறுத்து எடுத்துரணுமாம். இரும்புக்கடை லாரிக்குச் சொல்லியாச்சாம்.

அண்ணாச்சி அப்படியே தரையில குந்திட்டாவ. "உலகு, என் கை புடிச்சது கத்திக்குப் போவுதுட்டி"ன்னாவ. அவ்வளவு சின்னக் கொரல்ல அந்த மனுசன் பேசி நான் கேட்டதில்ல. எனக்கும் நக்கல் வரல. "கோட்டைக் கழத்துங்க, துண்டை எடுங்க, வாங்க பட்டணத்துக்கு"ன்னேன்.

பஸ்ஸுல போனோம். நீலச்சிறகு ஆபீஸு, தரை வழுக்கும், குளிரு பல்லை ஆட்டும். மேனேஜரு வந்ததும், "வித்ததைத் திருப்பிக் கேக்க முடியாதுங்க, ஒப்பந்தம் இருக்கு"ன்னு ஆரம்பிச்சாரு.

"கன்னைக் கேக்கல சார்"ன்னாவ அண்ணாச்சி. "வித்தது வித்ததுதான். கயிறை மட்டும் குடுங்க."

"கயிறா?"

"கயிறுதான்."

மேனேஜரு சிரிச்சாரு, பக்கத்துல இருந்தவனும் சிரிச்சான். எங்கயோ தேடி, தண்ணி டிரம்முல கட்டிக் கெடந்ததை அவுத்துக் கொண்டாந்து குடுத்தாவ. அண்ணாச்சி துண்டை விரிச்சு ரெண்டு கையாலயும் வாங்கி, கண்ணுல ஒத்திக்கிட்டாவ. அப்பதான் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பாத்தேன். பெரிய பெரிய பிளேனுக்கு நடுவுல எங்க கன்னு. நீலப் பெயிண்டு அடிச்சு, சுழியை மறைச்சு, நம்பர் போட்டு வச்சிருக்கானுவ. ஆனா நல்லா வளந்துருந்துச்சு. அண்ணாச்சி கூப்புடல, நானும் கூப்புடல. கூப்புட்டா வித்த வாக்குத் தப்பாப் போயிரும்லா.

வெள்ளிக்கெழமை சாயங்காலம் ஊருக்கு வந்து சேந்தோம். லாரி நிக்கி. அறுக்கிற ஆளு கண்ணாடி மாட்டிக்கிட்டு கேஸ் தீயைப் பத்தவைக்கப் போறான். ஆபீசர் கடிகாரத்தைப் பாக்காரு. ஊரு சனம் பூரா வத்தல் ஓரமா நிக்கி. பிரிசில்லா செவலை மூக்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நகர மாட்டேங்குது.

அண்ணாச்சி நேரா தொழுவத்துக்குப் போயி, கன்னு கட்டுன முளைக்குச்சியில அந்தக் கயிறைக் கட்டி, மறுமுனையை வெறுந்தரையில நீட்டி விட்டுட்டு, பக்கத்துல உக்காந்துட்டாவ.

"முடிஞ்சுதா பெரியவரே?"ன்னு ஆபீசர் கேட்டாரு.

"மாடு அடையுற நேரம் வரட்டும் சார்"ன்னாவ.

வந்துச்சு. மேக்க வெளிச்சம் மஞ்சளாச்சு, ஊரு மாடெல்லாம் புழுதியைக் கெளப்பிக்கிட்டு வந்து அதது எடத்துல நின்னுச்சு, புழுதி அடங்குச்சு. ஒண்ணும் இல்ல. அறுக்கிற ஆளு தீயைப் பத்த வச்சான். நீலமா, உஸ்ஸுன்னு. அப்பம், தரையில இருந்த எங்க யாருக்கும் கேக்கிறதுக்கு முன்னாடி, செவலைக்குக் கேட்டுச்சு. அதோட வளையல் சிணுங்குச்சு. காத்தில்ல, சாவி இல்ல, வளையல் சிணுங்குச்சு. பெறகுதான் வடக்க, ஆகாயத்தோட கடைசிக் கோடியில, ஒரு பொட்டு. பொட்டு பெருசாச்சு, றெக்கை வந்துச்சு, வர்ற வேகத்துல நீலப் பெயிண்டு உரிஞ்சு உரிஞ்சு காத்துல பூ மாதிரி பறக்க, உள்ள இருந்து செவலை நெறம் வெயில்ல மின்ன, நெத்திச்சுழி தெரிய, ஒரு ஊரே வாய் பொளந்து நிக்க, எவளும் வெளக்கமாத்தை எடுக்க மறந்து வத்தல் மேலயே எறங்குச்சு எங்க கன்னு. செவப்பாக் கெளம்புன வத்தல் புழுதிக்குள்ள இருந்து உருண்டு வந்து, கயிறு நுனி கெடந்த எடத்துல மூக்கை வச்சு நின்னுச்சு.

உள்ள சனம் இருந்துச்சு! பெங்களூரு போற சனம்! மொத்தமாத் தும்முது. நான் ஏணியைத் தள்ளிட்டுப் போனேன். மொத ஆளு டை கட்டியிருந்தாரு, கண்ணீரும் மூக்குமா, "இது பெங்களூரா?"ன்னாரு.

"இல்ல எய்யா, ஊசிப்பாறை. பெங்களூரு இன்னும் வரல, வந்தா எழுப்புதேன்."

அவுக பைலட்டு எறங்கி, "நான் மேக்க திருப்புனேன், அது தெக்க மொகத்தைத் திருப்பிருச்சு"ன்னு சொல்லிக்கிட்டே நின்னாரு. யாரு கேக்கா? செவலை விசிறி ரெண்டும் சுத்துது, வளையலு மழை மாதிரி கொட்டுது, பிரிசில்லா சீட்டுல இல்ல, சாவி அது கையில இருக்கு, அம்மாக்காரி தானா உருண்டு போயி புள்ளை மேல றெக்கையை விரிச்சு நிக்கா. பெங்களூரு சனம் தும்மலை மறந்துட்டு நின்னுச்சு. தீ வச்சிருந்த ஆளு தீயை அணைச்சான், கண்ணாடியைக் கழத்துனான், குனிஞ்சு செருப்பையும் கழத்திட்டான். ஆபீசரு கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள்ள தள்ளிட்டாரு. அண்ணாச்சி மட்டும் எந்திரிக்கல. கயிறைக் கையில பிடிச்சுக்கிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதாவ.

மறுநா மேனேஜரு வந்து குதிச்சாரு. அண்ணாச்சி துண்டை விரிச்சு, அவரு கையை உள்ள இழுத்தாவ. ரொம்ப நேரம் பேசுனாவ, வெரலாலயே. என்ன பேசுனாவன்னு அந்த ரெண்டு கைக்குத்தான் தெரியும். ஆனா அன்னையில இருந்து கன்னு பகல்ல நீலச்சிறகுக்கு மேய்ச்சலுக்குப் போவுது, பொழுது சாய எங்க வீட்டுக்கு வந்துருது. செவலை அடுத்தடுத்துப் போட்ட கன்னுகளும், கன்னுகளோட கன்னுகளும் அப்படித்தான். ஊரு ஊரா, கம்பெனி கம்பெனியா மேஞ்சுட்டு, கயிறு எங்க தொழுவத்துல கெடக்கிறதால அடையுற நேரத்துக்கு வந்துரும். அண்ணாச்சிதான் முளைக்குச்சி அடிச்சு மாளல. அந்தக் கோட்டு வத்தல் காவலுக்குப் பொம்மை மேல நிக்கி, வாசல்ல பாத்திருப்பிய.

நம்ப மாட்டேங்கிற மொகம் ரெண்டு தெரியுது. இருக்கட்டும். அங்க வடக்க பாருங்க. ஆமா, அதேதான். ஒண்ணு, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, அங்க ஒரு வரிசை. காதைக் குடுங்க, வளையல் சத்தம் கேக்கா? கேக்கும்.

சரி, கதை கேட்டது சும்மா இல்ல, கூலி உண்டு. ஏணிச் சக்கரத்துல ஒண்ணு மக்கர் பண்ணுது, எனக்கோ மூட்டு வலி. சிரிச்சவிய இந்தப்பக்கம் பிடிங்க, கண்ணைத் தொடச்சவிய அந்தப்பக்கம் பிடிங்க. ஏ கோட்டுக்காரரே, ஒம்மைத்தான், தூங்குற மாதிரி நடிக்காதியும், சத்தியம் பண்ணும்போதே முழிச்சிருந்தீரு! எந்திரியும், தள்ளும். தள்ளாதவனுக்கு ஏணி கெடையாது, குதிச்சு ஏறிக்கிடும்!